நின்றுபோன ராக் பேண்டின் கேசட்டும் நினைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் தொடங்கி, ஒன்றிரண்டு வருஷம் ஓடி, வேலை, கல்யாணம், வெளிநாடு என்று ஆளுக்கொரு திசையில் போனதும் நின்றுவிட்ட ராக் பேண்டுகள் நம் ஊரில் ஏராளம். பெரும்பாலானவை ஆல்பம் எதுவும் வெளியிட்டதில்லை. நாலைந்து கேசட், ஒரு உறை நிறைய போட்டோ, மடித்து வைத்த செட் லிஸ்ட் (மேடையில் வாசிக்கும் பாட்டு வரிசை), ஆளுக்கொரு விதமாக ஞாபகம் இருக்கும் கதைகள், இவ்வளவுதான் மிச்சம். அவற்றைத் திரட்டி எழுதி வைக்க விரும்பும் பழைய வாத்தியக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. 1980கள் முதல் 2000களின் தொடக்கம் வரை சென்னையில் வாசித்த பேண்டுகளை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் எழுதுவதா, கேசட்டா?

கேசட். காகிதமும் போட்டோவும் இன்னும் பத்து வருஷம் பொறுக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பரணில் கிடந்த காந்த நாடா பொறுக்காது. நாடாவைவிட வேகமாக அருகிவருவது அதை ஓட்டும் நல்ல டெக்குகளும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும். இன்னொரு காரணமும் உண்டு: பழைய பயிற்சி ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்ட பிறகு எழுதுகிறவர், கேட்காமல் எழுதுகிறவரைவிடப் பல மடங்கு விவரம் சொல்லுவார். பாட்டுக்கு நடுவே யாரோ இருமுவது, "மறுபடி கோரஸ்லேர்ந்து" என்று ஒரு குரல், பின்னணியில் ஓடும் ஃபேன், எல்லாமே ஞாபகத்தைக் கிளறும் சரக்கு.

கேசட் கிடைத்துவிட்டது. போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா?

கை பரபரக்கும், தெரியும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை, தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் பழைய பதிவு அழிந்துவிடும். அடுத்து லேபிளையும் உள்ளட்டையையும் இரு பக்கமும் போட்டோ எடுங்கள். பசை காய்ந்த லேபிள் எடுத்த கையோடு உதிர்ந்துவிடும். எந்தக் கேசட்டில் எது என்பது அதோடு போய்விடும்.

பிறகு ஜன்னல் வழியே டார்ச் அடித்து நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடியோ கோலம்போல் படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எந்தப் பிளேயரிலும் போடாதீர்கள். சுருள் சுத்தமாக இருந்தால், உள்ளே, டெக்கில் நாடாவைப் படிக்கும் தலைக்கு எதிரே வரும் சின்னப் பஞ்சு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சு இல்லையென்றால் நாடா தலையோடு ஒட்டி ஓடாது, ஒலி மங்கி மங்கி வரும். எல்லாம் சரியென்றால், ஒரு பென்சிலைச் சக்கரத்தில் விட்டுக் கையால் சில சுற்று சுற்றிப் பாருங்கள். இறுக்கம் இல்லாவிட்டால் டெக்கில் போட்டு ஒரு முறை கடைசிவரை முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள். பல வருஷம் ஒரே நிலையில் கிடந்த சுருள் அதில் தளர்ந்து சீராகும். அதற்குப் பிறகுதான் பிளே.

பூஞ்சை பிடித்த கேசட்டை வெயிலில் காய வைத்தால் சரியாகுமா?

ஆகாது. வெயிலில் பிளாஸ்டிக் கூடு வளையும், நாடா நீளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒன்றிரண்டு வாரம் வைத்து ஈரத்தை இறக்குங்கள். மற்ற கேசட்டுகளோடு சேர்த்து வைக்க வேண்டாம். காய்ந்தபின் மாஸ்க் போட்டுக்கொண்டு, திறந்த இடத்தில், மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தபடியே மெதுவாகச் சுற்ற வேண்டும். இதற்கென ஒரு பழைய டெக்கைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். நல்ல டெக்கில் பூஞ்சை வித்து பரவினால் அடுத்து ஓடும் கேசட்டுக்கெல்லாம் தொற்றும். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, உங்கள் பேண்டின் சொந்தப் பாட்டு அதில்தான் இருக்கிறது என்றால், இந்த வேலையில் கை பழகியவரிடம் கொடுப்பதே புத்தி.

"டேப்பை ஓவனில் வைக்க வேண்டும்" என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது 1970, 80களின் சில ஸ்பூல் டேப்புகளில், காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பிசின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டும் பசையாகிவிடுவதற்கான வைத்தியம். சாதாரணக் கேசட்டுக்கு அது மிக அபூர்வமாகத்தான் தேவைப்படும். வீட்டு மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள்.

நாடா அறுந்துவிட்டது. செல்லோ டேப் போட்டு ஒட்டலாமா?

செல்லோ டேப்பின் பசை சில மாதத்தில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கென்றே கேசட் அகலத்தில், அதாவது 3.81 மி.மீ.-இல், ஸ்பிளைசிங் டேப் கிடைக்கிறது. இரண்டு முனைகளையும் ஒரே கோணத்தில் வெட்டி, இடைவெளியோ மேல்படிவோ இல்லாமல் முட்டவைத்து, காந்தப் பூச்சு இல்லாத பக்கத்தில், அதாவது சக்கரத்தைப் பார்த்த பக்கத்தில் ஒட்ட வேண்டும். தலையைத் தொடும் பக்கத்தில் ஒட்டினால் அந்த இடத்தில் ஒலி போய்விடும்.

கூடு ஐந்து திருகுகளால் மூடியிருந்தால் வேலை சுலபம். ஒட்டி மூடிய கூடு என்றால் விளிம்பில் மெல்லிய கத்தியால் நெம்பித் திறந்து, சுருள்கள் இரண்டையும் அப்படியே தூக்கி, திருகு வைத்த வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். பஞ்சு விழுந்த கேசட்டுக்கும் இதே வழிதான். சி-60 (60 நிமிடக் கேசட்) நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 சுமார் 9. ஆகவே சி-120 கையில் வந்தால் இரட்டிப்பு கவனம். மெல்லிய நாடா சுருங்கி மடிந்து சிக்குவது அதில்தான் அதிகம்.

டெக் இல்லை. யு.எஸ்.பி. கேசட் பிளேயர் மலிவாகக் கிடைக்கிறதே?

என்ன பேசினோம் என்று தெரிந்தால் போதும் என்கிற பேச்சுப் பதிவுக்குச் சரி. இசைக்கு வேண்டாம். அவற்றின் இயந்திரத்தில் வேகம் நடுங்கும். கீபோர்டின் நீண்ட ஸ்வரம் ஒன்றைக் கேட்டால் தண்ணீரில் ஆடுவதுபோல் இருக்கும். இரண்டு பெரிய சர்வீஸ் தேவைகளைச் செய்து முடித்த பழைய ஹோம் டெக் ஒன்றைத் தேடுங்கள்: ரப்பர் பெல்ட் மாற்றியிருக்க வேண்டும், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை பளபளப்பாகக் கெட்டிப்படாமல் இருக்க வேண்டும். தலையையும் உலோக அச்சையும் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் ஒவ்வொரு இரண்டு கேசட்டுக்கும் ஒருமுறை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு இணைப்புக் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினால் பெரும்பாலும் மோனோவாகத்தான் பதியும், சத்தம் சிதறும்.

ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருக்கிறது. நாடா கெட்டுவிட்டதா?

பாதி நேரம் நாடா நன்றாகத்தான் இருக்கும், தலையின் சாய்வு பொருந்தியிருக்காது. உங்கள் பேண்டின் பயிற்சியைப் பதிந்த டூ-இன்-ஒன்னின் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) தலை ஒரு கோணத்தில் இருந்திருக்கும், இப்போது ஓட்டும் டெக்கின் தலை வேறு கோணத்தில். இந்தக் கோணத்தை அஸிமத் என்பார்கள். தலையின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு இருக்கும். பாட்டை ஓடவிட்டு, இரண்டு சானலையும் மோனோவாகக் கலந்து கேட்டபடி அந்தத் திருகை இம்மி இம்மியாக இரு பக்கமும் திருப்புங்கள். ஹை-ஹாட், சிம்பல் ஒலி எந்த இடத்தில் மிகக் கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருக்காது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாத கூர்மை இங்கேதான் கிடைக்கிறது. திருப்பத் தொடங்குமுன் திருகு இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) விஷயத்தில்: டால்பி பி போட்டுப் பதிந்தது நிச்சயம் என்றால் மட்டும் ஓட்டும்போதும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் அணைத்தே பதியுங்கள். டூ-இன்-ஒன்னில் பதிந்தவற்றில் பெரும்பாலும் டால்பி இருக்காது.

எந்த அளவில் கணினியில் பதிவது?

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், டபிள்யூ.ஏ.வி. கோப்பு. இடம் குறைவென்றால் 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு சி-60 முழுவதும் 96-இல் ஏறக்குறைய 2 ஜி.பி., 48-இல் 1 ஜி.பி. வரும். மிக உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். பாட்டு பாட்டாக நறுக்காமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக எடுங்கள். பாட்டுகளுக்கு இடையில் நடக்கும் பேச்சுதான் பிறகு அதிகம் உதவும். இரைச்சல் நீக்கம், ஈக்வலைசர் எல்லாம் நகலில். மூலக் கோப்பைத் தொடக் கூடாது. எம்.பி.3 என்பது நண்பர்களுக்கு அனுப்ப மட்டும்.

கிடாரை எடுத்துச் சேர்ந்து வாசித்தால் ஸ்ருதி சேரவில்லை. அப்போது எந்த டியூனிங்கில் இருந்தோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கும். பல ராக் பேண்டுகள் கிடாரை அரை ஸ்வரம் இறக்கி ஈ பிளாட்டில் வைத்திருந்தன. அதே சமயம், பதிந்த இயந்திரத்துக்கும் ஓட்டும் இயந்திரத்துக்கும் வேகம் ஏறக்குறைய 6% வேறுபட்டால் அதுவும் சரியாக அரை ஸ்வரம்தான் காட்டும். கேசட்டின் முறையான வேகம் நொடிக்கு 4.76 செ.மீ.; பேட்டரி இறங்கிய டூ-இன்-ஒன்னில் பதிந்தது இதைவிட மெதுவாக ஓடியிருக்கும், இன்று சரியான வேகத்தில் போட்டால் கீச்சென்று வேகமாகக் கேட்கும்.

பிரித்தறிய நம்பகமான சாட்சி கீபோர்டு. கேசியோவோ யமஹாவோ, யாரும் மாற்றாவிட்டால் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் நிற்கும். பதிவில் கீபோர்டு இருந்தால் அதை 440-க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கிடார் அப்போது எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் டியூனிங். கீபோர்டு இல்லாத பேண்ட் என்றால் பேச்சுக் குரலைக் கேளுங்கள். நண்பனின் குரல் உங்களுக்குத் தெரியும்; 6% ஏறியிருந்தால் காது கண்டுபிடித்துவிடும்.

மின்சார ஹம்மை (பதிவில் சேரும் மின்சார ரீங்காரம்) வைத்து வேகத்தைச் சரிசெய்யும் உத்தி ஒன்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் இருக்கும்: பதிவில் கேட்கும் ஹம் 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும், 52 காட்டினால் நாடா 4% வேகமாக ஓடுகிறது என்று. தமிழ்நாட்டுப் பழைய கேசட்டுகளில் இதை அப்படியே நம்பாதீர்கள். மின்தட்டுப்பாட்டுக் காலத்தில் தென் மண்டல மின்தொகுப்பின் அதிர்வெண் 50-இல் நிலையாக நின்றதில்லை, 48.5-க்கும் கீழே இறங்கியதுண்டு. 2003 வாக்கில் புதிய கட்டண முறை வந்தபிறகுதான் நிலைமை சீரானது. 48.5-ஐ 50 என்று கொண்டால் 3% பிழை, கால் ஸ்வரம் தள்ளிப் போகும். ஜெனரேட்டரில் நடந்த கல்லூரிக் கச்சேரி என்றால் சொல்லவே வேண்டாம்.

ஒரு கேசட் பாதி வேகத்தில் ஓடுகிறது, பக்கத்தைத் திருப்பினால் யாரோ தலைகீழாகப் பாடுவதுபோல் இருக்கிறது. பழுதா?

பழுதில்லை, புதையல். அது நாலு டிராக் ரெக்கார்டரில் பதிந்த டெமோ. 1979-இல் டியாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ வகை இயந்திரங்கள், சாதாரணக் கேசட்டின் ஏ, பி இரு பக்கத்துக்கும் உரிய நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தும். பல மாடல்கள் இரட்டை வேகத்தில் ஓடும். சாதாரண டெக் அதில் இரண்டு தடங்களை மட்டும் படிக்கும். பக்கத்தைத் திருப்பினால் மற்ற இரண்டும் தலைகீழாக வரும்.

அதே வகை இயந்திரம் கிடைத்தால் நான்கையும் ஒன்றாக எடுக்கலாம், அதுவே சிறப்பு. கிடைக்காவிட்டால் இரு பக்கத்தையும் தனித்தனியே பதிந்து, இரண்டாவதை மென்பொருளில் திருப்பி, பதிவு இரட்டை வேகத்தில் எடுத்தது என்றால் இரண்டின் வேகத்தையும் இரட்டித்து, அருகருகே வையுங்கள். இரண்டு ஓட்டத்துக்கும் வேகம் சற்றே மாறும் என்பதால் சில நிமிடத்தில் தாளம் விலகும். ஸ்நேர் டிரம் அடிகளை அடையாளமாகக் கொண்டு அரை நிமிடத்துக்கு ஒருமுறை பொருத்திக்கொண்டே வர வேண்டும். இப்படித் தனித்தனித் தடமாகக் கிடைத்த டெமோவை இன்று புதிதாக மிக்ஸ் செய்ய முடியும்.

டிரம்ஸ் அடித்த ஒவ்வொரு முறையும் பாட்டும் கிடாரும் அமுங்கி, பிறகு மேலே வருகிறதே?

டூ-இன்-ஒன்னுக்குள் இருந்த தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டின் வேலை. உரத்த அடி வந்தால் எல்லாவற்றையும் கீழே இழுக்கும், அமைதியானால் மெல்ல மேலே ஏற்றும். முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. அமுங்கிய இடங்களைக் கையால் ஏற்றி ஓரளவு தட்டையாக்கலாம்.

ஏ.ஐ. வைத்துக் குரல், பாஸ், டிரம்ஸ் எல்லாம் பிரிக்கலாமாமே?

டீமக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் பிரிக்கும். அறையின் நடுவே ஒற்றை மைக்கில் பதிந்த பயிற்சிப் பதிவில் விளைவு சுமார்தான்: சிம்பலின் மிச்சம் குரலோடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் டிஸ்டார்ஷன் போட்ட கிடார் பாஸோடு கலந்துவிடும். வெளியிடும் தரம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பாஸ் என்ன வாசித்தது, இரண்டாவது கிடார் எந்தக் கார்டில் இருந்தது என்று காதால் கண்டுபிடிக்க இது பெரிய உதவி. மறந்துபோன சொந்தப் பாட்டின் கார்டுகளை மீட்க முதலில் பாஸை மட்டும் தனியாக எடுத்துப் பாதி வேகத்தில் கேளுங்கள். அடிஸ்வரம் கிடைத்துவிட்டால் கிடார் கை தானாகவே பழைய வடிவத்துக்குப் போகும்.

எந்த வருஷம் என்று யாருக்கும் நினைவில்லை. எப்படித் தேதி குறிப்பது?

போஸ்டரிலோ டிக்கெட்டிலோ கிழமையும் தேதியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. "சனிக்கிழமை, டிசம்பர் 14" என்றிருந்தால் 1985, 1991, 1996, 2002 ஆகியவற்றில் ஒன்றுதான். இடையில் வேறு வருஷம் கிடையாது. அதில் எப்போது கல்லூரியில் இருந்தீர்கள் என்று பார்த்தால் முடிந்துவிடும்.

பின்னணியில் தெரிபவற்றைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கலைவிழா 1996-இல்தான் சாரங் என்ற பெயருக்கு மாறியது, அதற்குமுன் மார்டி கிரா. பேனரில் எந்தப் பெயர் இருக்கிறதோ அது கோடு கிழித்துக் கொடுக்கும். தரையில் கிடக்கும் கிடார் பெடல்கள் இன்னும் நல்ல சாட்சி: பாஸ் (Boss) நிறுவனத்தின் மெட்டல் ஜோன் பெடல் 1991-இல் சந்தைக்கு வந்தது. அது தெரியும் போட்டோவை 1989 என்று யார் சத்தியம் செய்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நோட்டீஸில் ஸ்பான்சர் கடையின் தொலைபேசி எண் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். சென்னையில் எட்டு இலக்க எண் 2000களின் தொடக்கத்தில் வந்தது. "மெட்ராஸ்" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து 1996-க்கு முந்தையது என்று முடிவுகட்டாதீர்கள். பேண்டுக்காரர்கள் வெகுகாலம் அந்தப் பெயரை விடவில்லை.

போட்டி முடிவுகள் வெளியான நாளிதழ்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் நல்ல இடம். தோராயமான மாதமாவது தெரிந்துகொண்டு போங்கள். 1993 முதல் அலகாபாத்திலிருந்து வந்த ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் பழைய இதழ்கள் யாரிடமாவது இருந்தால், பக்கக் கடைசியில் வரும் ஊர்ச் செய்திகளையும் விடாமல் படியுங்கள்.

போட்டோக்களை எப்படி ஸ்கேன் செய்வது?

பிரின்ட் என்றால் 600 டி.பி.ஐ., நெகட்டிவ் இருந்தால் 2,400 முதல் 3,200 வரை. நெகட்டிவ் இருக்கும்போது பிரின்ட்டை நம்பாதீர்கள். மேடையின் இருண்ட மூலையில் நிற்கும் பாஸ் வாசிப்பவர் நெகட்டிவில்தான் தெரிவார். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பேண்டில் இருந்தவர்களிடம் நினைவுகளை எப்படிக் கேட்டு வாங்குவது? வாட்ஸாப் குரூப் தொடங்கலாமா?

தொடங்கலாம், கடைசியில். அதற்குமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். இது இந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் மிக முக்கியமான விஷயம், பெரும்பாலும் யாரும் செய்யாததும் இதுதான். குரூப்பில் ஒருவர் "ரெண்டாவது பாட்டுல கரன்ட் போச்சே" என்று எழுதிய மறுநிமிடம் மற்ற நாலு பேருக்கும் கரன்ட் போனது ஞாபகம் வந்துவிடும். பிறகு அவரவர் உண்மையில் நினைவு வைத்திருந்தது எது என்று பிரித்தெடுக்க முடியாது.

ஒருவருக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் போதும். ஃபோனை மேஜையில் துண்டு மடித்து அதன்மேல் வாய்க்கு அருகே வையுங்கள், ஃபேனை அணையுங்கள். தொடக்கத்திலேயே பெயர், தேதி, பதிவு செய்யச் சம்மதம் மூன்றையும் அவர் வாயால் சொல்ல வையுங்கள். "எப்போது" என்று தொடங்காதீர்கள், யாருக்கும் தேதி வராது. "பயிற்சி செய்த அறைக்கு எப்படிப் போவாய், பஸ்ஸிலா, ஆம்ப் எங்கே வைத்திருந்தீர்கள், டிரம்ஸ் யாருடையது, வாடகை யார் கொடுத்தது" என்று இடத்தையும் பொருளையும் பிடித்துக் கேளுங்கள். செட் லிஸ்ட்டைக் கையில் கொடுத்து வரிசையாகப் போகச் சொல்லுங்கள். வாத்தியத்தையும் கொடுங்கள்: சொல்லத் தெரியாத பலவற்றை விரல் வாசித்துக் காட்டும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்?

இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று குறிப்பிட்டு. கேசட், போட்டோ, தாள் இவற்றில் சான்று இருந்தால் அதற்கு முதலிடம். பேண்ட் ஏன் உடைந்தது என்ற கேள்விக்கு ஒத்த பதில் கிடைப்பது அபூர்வம். அங்கே சமரசமான ஒற்றைக் கதை ஒன்றைத் தயாரிப்பதுதான் இவ்வகை எழுத்துகள் செய்யும் பெரிய தவறு. ஒருவருடைய குடும்பப் பிரச்சினை, குடி போன்றவை வந்தால், அச்சில் போகுமுன் அவரிடம் அந்தப் பத்தியைக் காட்டிவிடுங்கள்.

எழுதும்போது எவையெல்லாம் விட்டுப்போகக் கூடாது?

மாதவாரியாக யார் பேண்டில் இருந்தார் என்ற அட்டவணை. பதினெட்டு மாதம் ஓடிய பேண்டில் மூன்று டிரம்மர்கள் மாறியிருக்கலாம். எந்தக் கேசட்டில் யார் வாசிக்கிறார் என்பது இதை வைத்துத்தான் தெரியும். பிறகு வாத்தியங்கள். கொல்கத்தாவின் கிவ்சன் கிடாரா, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்ததா, ஆம்ப் இல்லாமல் அஹூஜா மைக் செட்டில் நேரே சொருகினீர்களா. மெல்லிசைக் குழுவிலிருந்து இரவல் வாங்கிய டிரம் செட் என்றால் அதையும் எழுதுங்கள். சென்னையின் ராக் மேடைக்கும் மெல்லிசை மேடைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் குறைவு. கம்பி ஒரு செட் என்ன விலை, எங்கே வாங்கினீர்கள், அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டீர்களா, பாட்டு வரிகளைக் கேசட்டைக் கேட்டுக் காதால் எழுதியதில் எந்த வரி தப்பாகப் போனது. இவைதான் படிக்கிறவருக்கு வேண்டும். "எங்களுக்கு இசைமேல் பைத்தியம்" என்ற வாக்கியம் எல்லாப் பேண்டுக்கும் பொருந்தும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

"நாங்கள் ஒன்றும் சாதிக்கவில்லையே" என்ற தயக்கம் பலருக்கு உண்டு. சிம்லா பீட் போட்டியின் 1970, 1971 இசைத்தட்டுகளை இன்று உலகெங்கும் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் உள்ள பேண்டுகளில் பலவற்றுக்கு மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு பாட்டுதான்.

சொந்தப் பாட்டுகளை இப்போது வெளியிடலாமா? உரிமை யாருக்கு?

வரிகள் எழுதியவருக்கு வரிகளின் உரிமை, இசையமைத்தவருக்கு இசையின் உரிமை, இரண்டும் தனித்தனி. இசைக்குறிப்பாக எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை, கேசட்டில் இருந்தாலே போதும். இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டு. கூட்டாக எழுதியிருந்தால் கடைசியாக மறைந்தவரிலிருந்து எண்ண வேண்டும். ஒலிப்பதிவு மூன்றாவது உரிமை, அதை முன்னின்று பொறுப்பேற்று எடுத்தவருக்கு.

ஜாமில், அதாவது எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்க்கையில், பிறந்த பாட்டுக்கு யார் ஆசிரியர் என்று முப்பது வருஷம் கழித்து வாதாடுவதைவிட, ஒரு தாளில் பாட்டுவாரியாகச் சதவீதம் எழுதி, கூட்டினால் 100 வரும்படி, எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. சமமாகப் பிரித்துவிடுங்கள் என்பது எங்கள் ஆலோசனை. வரப்போகும் தொகை சண்டைக்குக் காணாது. ஒருவர் இறந்திருந்தால் வாரிசிடம் கையெழுத்து வாங்க வேண்டும். காப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் அரசுக் கட்டணம்.

நண்பர் ஒருவர் கூட்டத்தில் நின்று பதிந்த கச்சேரி இருக்கிறது. அதைப் போடலாமா?

தன் சொந்த உபயோகத்துக்கு அவர் பதிந்ததில் தவறில்லை. வெளியிட, அவருடைய சம்மதத்தோடு மேடையில் வாசித்த எல்லோருடைய சம்மதமும் வேண்டும், ஒரே ஒரு கச்சேரிக்கு வந்த டிரம்மர் உட்பட. நிகழ்த்துவோர் உரிமை 50 ஆண்டு. 1997-இல் நடந்த கச்சேரிக்கு 2047 இறுதி வரை. இந்த உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது என்பதால் அதற்கு முந்தைய கச்சேரிகளுக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள். எதுவாயினும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டால் வம்பில்லை.

நாங்கள் வாசித்ததில் முக்கால்வாசி கவர், அதாவது பிறர் பாட்டு. அவற்றை?

உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் பெயரில் தானாகவே உரிமைக்கோரல் விழுந்து விளம்பர வருமானம் அங்கே போகும், சில சமயம் தடுக்கப்படும். கவர் பதிவு வெளியிடச் சட்டத்தில் 31சி பிரிவு என்று ஒரு வழி உண்டு: மூலப் பதிவு எடுத்த ஆண்டு முடிந்தபின் ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். கல்லூரிப் பேண்டின் நினைவுக் கேசட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

மறுபடி கூடி ஒருமுறை வாசிக்க ஆசை.

பாட்டுகளை இரண்டு ஸ்வரம்வரை இறக்கத் தயாராகுங்கள். ஐம்பது வயதுக் குரல் இருபது வயது உச்சத்துக்குப் போகாது. கிடாரை டி-க்கு இறக்கினால் விரல் வடிவம் மாறாது, ஆனால் கம்பி தொளதொளக்கும். 10-46 தடிமன் கம்பி போட்டிருந்தால் 11-49-க்கு மாறுங்கள், கிடாரின் கழுத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். கேசட்டின் வேகத்தோடு சேர்ந்து வாசித்துப் பழகாதீர்கள், இளமையில் எல்லாமே வேகமாகத்தான் வாசித்திருப்பீர்கள். ஜாம் ரூமில் 100 டெசிபெல் சாதாரணம். அந்த அளவில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் நாளொன்றுக்குக் கால் மணிதான். இயர் பிளக் போடுங்கள்.

எல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டது. கேசட்டுகளைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். பின்னால் யாராவது இன்னும் நல்ல டெக்கில் இன்னும் நன்றாக எடுக்கலாம். முழுதாகப் பின்சுற்றி, பெட்டியில் போட்டு, செங்குத்தாக நிறுத்தி, ஸ்பீக்கருக்கும் பீரோ அடித்தட்டு ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள். சிலிக்கா ஜெல் பையை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி: இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், இடம், கேசட் எண், பக்கம் எல்லாம் வரட்டும்: "1994-08-அடையாறு-பயிற்சி-கேசட்03-பக்கம்ஏ" என்பதுபோல. மாதம் தெரியாவிட்டால் 00 என்று போடுங்கள். வேறொரு நண்பரின் பரணிலிருந்து போஸ்டர் கிடைக்கும் நாளில் மாற்றிக்கொள்ளலாம்.